மீனில் ஏற்கெனவே இருந்த உப்பு

மக்கா,

நாளைக் காலையில் புதுக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனம் கலக்க நீ கிடங்குக்கு வருவாய். வழக்கம்போல நான் உப்பையும் சோடாவையும் நிறுத்து, பொட்டலம் கட்டி, மேலே பெயரெழுதித் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன் என்று நினைப்பாய். வைக்கவில்லை. அந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். கலவை வேலை அப்படியே கிடக்கட்டும், உட்கார்ந்து கடைசிவரை படி. பத்து மணிக்குப் பண்ணைக்காரர் சங்கக் கூட்டம். செலினிடம் இனி யாரும் தீவனத்துக்கு மீன் வாங்கக்கூடாது என்று அங்கே நீ எழுந்து சொல்லப்போகிறாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. முப்பத்தொரு நாளாக இருக்கிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் சொல்லவேண்டியதை விட்டுவிட்டு, சோடியம் என்றால் என்ன, சிறுநீரகம் என்ன செய்யும் என்று பாடம் எடுத்துவிட்டு எழுந்து போனேன். நீயும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். முப்பது வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு விளக்குவது எளிது, ஒப்புக்கொள்வதுதான் வரமாட்டேன் என்கிறது. எழுத்தில் என்றால் அடித்துவிட்டாவது திரும்ப எழுதலாம். இது மூன்றாவது தாள்.

உனக்கு முதல் தொகுதிக் கோழிகள் ஞாபகம் இருக்கும். துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து, ரப்பர் மரங்களுக்குக் கீழே இந்தக் கொட்டகையைப் போட்டாய். கம்பெனிக்காரர் தரும் குஞ்சும் தீவனமும் வேண்டாம், நானே கலக்குவேன் என்று சோளம், சோயா, கருவாட்டுத்தூள் எல்லாம் வாங்கிக் குவித்தாய். எல்லாம் போட்டாய், உப்பை மட்டும் மறந்தாய். மூன்றாம் வாரம் கோழிகள் ஒன்றின் வாலை ஒன்று கொத்தத் தொடங்கின. கொத்தின இடத்தில் இரத்தம், இரத்தத்தைப் பார்த்து இன்னும் நாலு கோழி ஓடிவரும். தின்ற தீனி உடம்பில் ஒட்டவேயில்லை. நீ நோய் என்றாய், நான் வெளிச்சம் அதிகம் என்றேன். இனயம் கடற்கரையிலிருந்து தீவனத்துக்குக் காய்ந்த மீன் கொண்டுவந்த செலின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, உப்பு போட்டியா?" என்று கேட்டாள். நீ விழித்தாய். "சோத்துல உப்பு இல்லேன்னா நம்மளும் பக்கத்துல இருக்க ஆளத்தான் கடிப்போம்" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கினாள். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு உப்புச் சேர்த்தோம், நாலைந்து நாளில் கொத்து நின்றது. டாக்டர் வருவதற்கு முன்பே நோயைச் சொன்னவள் அவள். நாளைக்கு நீ யாரைப் பற்றிப் பேசப்போகிறாயோ, அதே செலின்.

அதன் பிறகுதான் உப்பு நிறுக்கும் வேலையை என்னிடம் தந்தாய். அம்மாவுக்குத்தான் கை நடுங்காது, கணக்குத் தப்பாது என்றாய். எனக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் நிறுக்கச் சொன்னதில்லை. சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து இரைத்தபோது, உப்பைக் கொஞ்சம் குறைத்து அப்பத்துக்குப் போடும் சோடாவைச் சேர்த்தோமே, அந்தக் கணக்கும் நாம் சேர்ந்து போட்டதுதான். அப்போது உனக்கு ஓர் உதாரணம் சொன்னேன். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தே ஏறி வரும் வண்டி. சோடா வண்டியில் சோடியம் மட்டும்தான் இறங்கும், குளோரின் வராது. இரைத்து இரைத்து இரத்தம் நிலைகுலைந்த கோழிக்கு அந்த இரண்டாவது வண்டிதான் வேண்டும். ஆனால் எந்த வண்டியில் வந்தாலும் சோடியம் சோடியம்தான், எல்லாம் ஒரே வயிற்றில்தான் இறங்கும் என்றும் சொன்னேன். நூறு கிலோவுக்கு இருநூறு கிராம் உப்பு, இருநூறு கிராம் சோடா என்று நீ தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாய். வெயில் காலத்துக்கு, உப்புப் படாத மீனுக்குப் போட்ட கணக்கு அது.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. பேச்சிப்பாறையில் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, கோழிகள் இரைப்பதை நிறுத்திவிட்டன. இனி சோடா வேண்டாமே, தாளை மாற்றலாமே என்று நான் சொன்னது ஒரு திங்கட்கிழமை. லாரியில் சோளம் இறக்க வந்த இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நீ களைத்துப்போயிருந்தாய், எனக்கு அது தெரியும். "அம்மா, இது உங்க எட்டாம் கிளாசு இல்ல. தாள்ல என்ன எழுதியிருக்கோ அத நிறுத்துத் தாங்க, அது போதும்" என்றாய். இறக்குகிறவர்களில் ஒருவன், டீச்சரை எதிர்த்துப் பேசினா இம்போசிஷன் எழுத வச்சிருவாவ என்று சொல்லிச் சிரித்தான். நீயும் சிரித்தாய். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு மனுஷி மனசில் வைத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். நான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் முற்பகல் செலின் எனக்குப் போன் பண்ணினாள். நீ போனை எடுக்கவில்லையாம். "டீச்சரே, இந்தத் தடவ மீன் உப்பு போட்டு ஒணக்கினதாக்கும். மழையில்லா, போடாட்டா புழு வச்சிரும். அவனுக்கிட்ட மறக்காம சொல்லிப்போடுங்க, உப்ப கொறச்சுப் போடட்டும்" என்றாள். சொல்லுகேன் என்றேன். அவள் சொன்னதன் பொருள் எனக்கு நன்றாகப் புரிந்தது. வெயில் காலத்தில் கடற்கரையில் கழிவு மீன் இரண்டே நாளில் சும்மா காய்ந்துவிடும். மழையில் உப்பில்லாமல் காயாது. அப்படியானால் மீனிலேயே ஒரு வண்டிச் சோடியம் ஏறியிருக்கிறது, தீவனத்தில் தனி உப்பு அனேகமாக வேண்டியதே இல்லை, சோடா வேண்டவே வேண்டாம். இவ்வளவையும் போனை வைப்பதற்குள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத இந்தப் பேனா இப்போதுகூட வளைகிறது. மறக்கவில்லை மக்கா. மத்தியானம் நீ சாப்பிட வந்தாய், மீன் குழம்பு ஊற்றினேன், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். புதன்கிழமை கலவை. தாளில் எழுதியதை நிறுத்துத் தந்தால் போதும் என்றாயே, அப்படியே செய்தேன். உப்பு இருநூறு, சோடா இருநூறு, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்குமே நிறுத்ததில்லை. என் மனசில் இருந்தது என்ன என்றும் எழுதிவிடுகிறேன். கொட்டகைத் தரையில் ஈரம் கொஞ்சம் கூடும், நாலு கோழி சுணங்கும், அம்மா சொன்னது சரிதான் என்று வந்து நிற்பாய், அப்போது செலின் சொன்னதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரக் குஞ்சுக்கு உப்பை வெளியே தள்ளும் பலம் கிடையாது என்று தெரிந்த நான்தான் அப்படி நினைத்தேன்.

சனிக்கிழமை, ஒரு நாள் முழுக்க வரும் தொட்டித் தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் விரித்த மரத்தூள் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. குஞ்சுகள் கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் நிப்பிள் ஒழுகுகிறது என்று நினைத்தாய். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குனிந்தபடியே ஒவ்வொரு நிப்பிளாக முறுக்கினாய். குஞ்சுகள் உன்னைச் சுற்றி விலகக்கூட இல்லை, நிப்பிளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீருக்குத் தலையை நீட்டின. நான் வாசலில் நின்றேன். தீனித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. நீ தூரத்திலிருந்து திரும்பி, "எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு அம்மா, பின்ன எங்கேருந்து ஒழுகுது?" என்று கேட்டாய். ஐந்தாறு நாள் பேசாமலிருந்த பிறகு நீயாகக் கேட்டாய். நான் காத்திருந்தது அதற்குத்தானே. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால், தட்டிலிருந்த தீனியைக் கொட்டிவிட்டு வெறும் சோளக்குருணையும் நல்ல தண்ணீரும் வைத்திருந்தால், பாதிக்கு மேல் பிழைத்திருக்கும். ஆனால் சொன்னால், செலின் போன் பண்ணிய செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாலு நாளைக்கு முன்னால் வெறும் வீம்பாக இருந்தது, அதற்குள் வேறொன்றாகிவிட்டது. தெரியல்ல மக்கா என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன்.

திங்கட்கிழமை பதினொன்று செத்தன. செவ்வாய்க்கிழமை விடியும்போது எண்ணவே முடியவில்லை. கால் மடங்கிப் பக்கவாட்டில் விழுந்து துடுப்புப் போடுவதுபோல உதைத்துக்கொண்டு கிடந்தவற்றை நீ ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தப் பார்த்ததை நான் பார்த்தேன். டாக்டர் வந்து மூன்றை அறுத்துக் காட்டினார். வயிற்றுக்குள் மஞ்சளாகத் தண்ணீர். உப்பு எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டார். நீ சுவரிலிருந்த தாளைக் கிழித்துக்கொண்டுவந்து காட்டினாய். நிறுத்தது யார் என்றார். அம்மா, டீச்சரா இருந்தவங்க, தப்பவே தப்பாது என்றாய். அப்படியானால் மீன் என்றார் அவர். அடுத்த நிமிஷம் உன் பைக் கிளம்பிவிட்டது.

அன்று இனயம் கடற்கரையிலிருந்து நீ போன் பண்ணியபோது, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். கடலிரைச்சல் கேட்டது, சுற்றிலும் பெண்கள் பேசுவது கேட்டது. "அம்மா, மீன் உப்பு போட்டதுன்னு செலினக்கா உங்கள்ட்ட சொன்னாங்களா?" என்று கேட்டாய்.

நான் "இல்ல மக்கா" என்றேன்.

பிறகு செலினின் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை. "அப்போ நான் சொப்பனத்துலயாக்கும் சொன்னது" என்றாள். நீ போனை அணைத்துவிட்டாய். அவள் என்னைக் கூப்பிட்டதற்கு என் போனிலேயே அடையாளம் இருந்தது. நீ வீட்டுக்கு வந்து அதைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் நீ என்னை நம்பினாய். வந்தவுடன் பண்ணைக்காரர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாய், உப்பு மீனைத் தந்துவிட்டுப் பொய்யும் சொல்கிறாள், யாரும் வாங்காதீர்கள் என்று. நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு அதை முழுதும் கேட்டேன். தீவனத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாய், உப்பு மிக அதிகம் என்று தாள் வந்தது. நாளைக்கு அதையும் கையில் கொண்டுபோகப்போகிறாய். அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் உப்பு எவ்வளவு என்றுதான் அதற்குத் தெரியும், யார் தெரிந்தே போட்டது என்று அதற்குத் தெரியாது.

என் வகுப்பில் நீ எட்டாவது படித்தபோது ஆய்வுக்கூடத்தில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்தது. யார் என்று கேட்டேன். நாற்பது பேர் முன்னால் எழுந்து, நான்தான் டீச்சர் என்றாய். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று உனக்கு நான் சட்டம் போட்டிருந்தேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று உன்னை ஒரு மணி நேரம் வெளியே நிற்கவைத்தேன். ஒப்புக்கொண்டதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை இப்போது சொல்கிறேன். நீ செய்தது பெரிய காரியம். அது எவ்வளவு பெரியது என்று இந்த ஒரு மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று காலை நீ நாகர்கோவிலுக்குப் போன பிறகு, மார்த்தாண்டம் போய் கருங்கல் வழியாக இனயத்துக்குப் பஸ் ஏறினேன். செலினைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடலரிப்புக்குப் போட்ட கற்களுக்கு இந்தப் பக்கம் தார்ப்பாயை விரித்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆழ்கடல் போட்டில் போனால் மாதம் ஒன்றுக்குத் திரும்பமாட்டார், உனக்குத் தெரியும். வீடு நடப்பது இந்தத் தார்ப்பாயில்தான். பின்னால் ஏழெட்டு மூட்டை அடுக்கியிருந்தது. மழைச்சாரல் பட்டு, அடி மூட்டையில் புழு நெளிய ஆரம்பித்திருந்தது. நம் பக்கத்துக் கொட்டகைகளுக்கு வரவேண்டிய மூட்டைகள். என்னைப் பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கிட்ட சொன்னா இந்தக் கடலுக்கிட்ட சொன்ன மாதிரியாக்கும் டீச்சரே. எனக்குத்தான் முன்னமே தெரியுமே. தெரியாத ஆளுக்கிட்ட சொல்லுங்க."

உன்மேல் கோபப்படவேண்டாம் என்று அவளிடம் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் பஸ் முழுக்க என்னோடு வந்தது. "அவனுக்கிட்ட எனக்கு என்ன கோவம்? அவன் அவனுக்க அம்மய நம்பினான். அது ஒரு குத்தமா?"

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வருவாயா என்றேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். நான் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, எத்தனை மணிக்கு என்று பின்னாலிருந்து கேட்டாள்.

இனி உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை, அதற்கான தகுதியும் இந்த மாதத்தோடு போய்விட்டது. தொழில் விஷயமாக மட்டும் ஒன்றிரண்டு. தீவனத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், போடுகிற ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கேள். மீனில் இருக்கும், சோடாவில் இருக்கும், கோடையில் ஊறும் ஆழ்குழாய்த் தண்ணீரில்கூட இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அளவுதான். கூட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் நீயாக இரு. தாளை மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுது. மீன் வந்தவுடன் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பார். மரத்தூள் நனைந்தால் நிப்பிளை முறுக்குவதற்கு முன்னால் தீனியைச் சந்தேகப்படு. ஒரு விஷயத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், ஒருத்தி அம்மா என்பதற்காக மட்டும் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லாதே.

நாளைய உப்பை நான் நிறுக்கவில்லை. தராசு துடைத்து வைத்திருக்கிறேன், சோடா டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். புது மீன் எப்படிக் காய்ந்தது என்று செலினிடம் நீயே கேட்டுவிட்டு, நீயே நிறு. குஞ்சுகள் மத்தியானம்தான் வரும், அவசரமில்லை.

நான் ஒன்பது மணி பஸ்ஸில் கூட்டத்துக்குப் போகிறேன். உன் பைக்குக்காகக் காத்திருக்கமாட்டேன். வழியெல்லாம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தால் என் தைரியம் போய்விடும். என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று யாராவது எடுத்துக்கொடுத்தால், நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை அங்கே படிக்கவும் வேண்டாம். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேச உன் பெயரைக் கூப்பிடும்போது எழுந்திரு. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, என்னைப் பார்த்து, அன்றைக்குக் கடற்கரையிலிருந்து போனில் கேட்டாயே, அதே கேள்வியை இன்னொரு முறை கேள்.

அம்மா